ஓர்வியேட்டோ: பாறையின் மேலும் கீழும்

புதன், இரவு

ரோமின் தெர்மினி நிலையத்தில் சாதாரண ரயில் பிடித்தால் ஓர்வியேட்டோவுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. ஃப்ளோரன்ஸ் போகிற பாதைதான். பாலியா ஆற்றுச் சமவெளியில் ஒரு சின்ன நிலையத்தில் இறங்கினோம். "ஏட்டி, ஊர் எங்க? வெறும் பாறைதான தெரியுது" என்றாள் அக்கா. நிமிர்ந்து பார்க்கச் சொன்னேன். செங்குத்தான பழுப்புப் பாறை, அதன் விளிம்புவரை நெருக்கியடித்து வீடுகள். எங்கே பாறை முடிகிறது, எங்கே சுவர் தொடங்குகிறது என்று கீழிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை. வீடுகளும் அதே பாறையை வெட்டி எடுத்த கல்லால் ஆனவை.

நிலையத்துக்கு எதிரிலேயே இழுவை ரயில். பழனியில் விஞ்ச் ஏறியவர்களுக்கு விளக்கவே வேண்டாம், அதே ஏற்பாடுதான். ஆனால் 1888இல் அடோல்ஃபோ கோட்சா என்ற பொறியாளர் இதை அமைத்தபோது ஓட்டியது தண்ணீர். மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீர் நிரப்புவார்கள். அந்தக் கனத்தில் அது இறங்க, கம்பிவடத்தின் மறுமுனையில் இருக்கும் பெட்டி ஏறும். கீழே வந்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டு அடுத்த நடை. 1970இல் நிறுத்திவிட்டார்கள், 1990இல் மின்சாரத்தில் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஐரோப்பா சுற்றுலாவில் நம்மவர்கள் ரோமுக்கும் ஃப்ளோரன்ஸுக்கும் நடுவே இந்த ஊரைச் சன்னல் வழியாகப் பார்த்தபடி கடந்துவிடுகிறார்கள். நாங்கள் ஞாயிறுவரை இங்கேயே இருக்கப்போகிறோம். எனக்கு ஓவியங்களைப் பார்க்க ஆசை. அக்காவுக்கு வேறொரு காரணம் இருக்கிறது; அது சனிக்கிழமைக்கு.

வியாழன்

காலையில் சன்னலைத் திறந்தால் சமவெளியைக் காணோம். அக்டோபரில் ஆற்றிலிருந்து எழும் மூடுபனி பாறையின் இடுப்புவரை நிற்கிறது. ஊர் மட்டும் வெயிலில் இருந்தது.

துவோமோ என்ற பேராலயத்துக்குப் போகும் தெரு குறுகலானது. வளைவு திரும்பியதும் முகப்பு முழுதாக எதிரே வந்து நிற்கிறது. தங்கப் பின்னணியில் மொசைக் ஓவியங்கள், மூன்று கூர்ங்கோபுர முக்கோணங்கள், நடுவில் ஒரு பெரிய வட்டச் சன்னல். பக்கச் சுவர்களோ ஒரு வரி கறுப்பு, ஒரு வரி வெள்ளை என்று எரிமலைக் கல்லும் சுண்ணக் கல்லும் மாறி மாறி அடுக்கியவை. 1290 நவம்பரில் திருத்தந்தை நான்காம் நிக்கோலாஸ் அடிக்கல் நாட்டினார். 1310இல் பொறுப்பேற்ற சியனா நகரத்துச் சிற்பி லொரென்சோ மைத்தானி, 1330இல் சாகும்வரை இதிலேயே உழைத்தார். முகப்பு முற்றுப்பெற அதற்குப் பிறகும் பல தலைமுறைகள் ஆயின.

மேலே மின்னுகிற மொசைக்கைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதி பிற்காலத்தில் புதுப்பித்தவை. என் கண் நின்றது கீழே, நம் உயரத்திலேயே இருக்கும் நான்கு பளிங்குத் தூண்பரப்புகளில். இடக்கோடியில் படைப்பின் கதை, வலக்கோடியில் இறுதித் தீர்ப்பு, நடுவில் விவிலியத்தின் பழைய, புதிய ஏற்பாடுகள். ஒரு கொடி அடியிலிருந்து முளைத்துக் கிளைவிட்டுப் போகிறது. அதன் வளைவுகளுக்குள் கதைகள். உறங்கும் ஆதாமின் விலாவைக் கடவுள் குனிந்து திறக்கிறார், அறுவை செய்பவரின் கவனத்தோடு. அக்கா வழிகாட்டிப் புத்தகத்தைத் தொடவே இல்லை. மறைக்கல்வி வகுப்பெடுத்து எடுத்து அவளுக்கு எல்லாம் மனப்பாடம். "இது தோட்டத்துல ஒளிஞ்சிக்கிறது. இது காயின், பாரு, கட்டையை ஓங்கிட்டான்." எழுத்தறியாதவர்களுக்காகச் செதுக்கியது என்று இத்தகைய சிற்பங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். கதை தெரிந்த ஒருத்தி பக்கத்தில் நின்று விரலால் சுட்டும்போதுதான் அவை பேசுகின்றன.

வலக்கோடித் தூணில் நரகம். பாம்புகள் கடிக்க, பேய்கள் இழுக்க, வாய் பிளந்து அலறும் உடல்கள். ஒவ்வொரு முகத்திலும் வேதனை வேறு வேறு விதம். எழுநூறு ஆண்டு மழையும் காற்றும் பட்ட பளிங்கில் இன்னும் நரம்பு தெரிகிறது. 1944 ஜூனில் போர்முனை இந்தப் பகுதியைக் கடந்தபோது, சண்டையிடக் கூடாத திறந்த நகரமாக இதை அறிவித்ததால் இவை தப்பின. இரு தரப்புத் தளபதிகளும் அதற்கு ஒப்புக்கொண்டார்கள்.

உள்ளே வலப்பக்கம் சான் பிரிட்சியோ சிற்றாலயம். இதற்காகத்தான் நான் வந்தேன். 1447 கோடையில் ஃப்ரா ஆஞ்சலிக்கோ என்ற துறவி ஓவியர் இதன் கூரையில் இரண்டு பகுதிகளை வரைந்துவிட்டுப் போனார், திரும்பவில்லை. ஐம்பது ஆண்டுக்கு மேல் பாதியில் நின்ற வேலைக்கு, 1499இல் கோர்த்தோனாவைச் சேர்ந்த லூக்கா சிஞொரெல்லியை அமர்த்தினார்கள். கூரையை முடித்துக் காட்டியதும் சுவர்களையும் கொடுத்தார்கள். சம்பளத்தோடு தங்க இடம், கோதுமை, திராட்சைச் சாறு எல்லாம் ஒப்பந்தத்தில் உண்டு.

சுவரெங்கும் உலகத்தின் கடைசி நாட்கள். முதல் சுவரில் ஒரு மேடைமேல் கிறிஸ்துவைப் போலவே ஒருவர் நின்று போதிக்கிறார். கூட்டம் கேட்கிறது, காலடியில் பொற்பாத்திரங்கள் குவிகின்றன. நெருங்கிப் பார்த்தால் அவர் காதருகே ஒரு பேய் கிசுகிசுக்கிறது. பேயின் கை அவர் அங்கிக்குள் நுழைந்து அவருடைய கையாகவே வெளியே வருகிறது. எதிர்க்கிறிஸ்து. ஃப்ளோரன்ஸில் சவனரோலா என்ற போதகத் துறவியைத் தூக்கிலிட்டு எரித்தது 1498இல். அடுத்த ஆண்டே சிஞொரெல்லி இங்கே வேலையைத் தொடங்கினார். போதகர்களை நம்பிக் கெட்ட ஒரு காலத்தின் அச்சம் இந்தச் சுவரில் இருப்பதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். இடது மூலையில் கறுப்பு உடையில் இரண்டு பேர் கூட்டத்தில் சேராமல் நிற்கிறார்கள். ஒருவர் சிஞொரெல்லியே. மற்றவர் ஃப்ரா ஆஞ்சலிக்கோ என்று சொல்வது வழக்கம். தனக்கு முன் தொடங்கியவரைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்ட அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

உயிர்த்தெழும் காட்சியில் தரை வெண்பரப்பாக, வெறுமையாக இருக்கிறது. அதைப் பிளந்துகொண்டு ஆட்கள் கையூன்றி எழுகிறார்கள். இடுப்புவரை வந்துவிட்ட ஒருவர், இன்னும் எலும்புக்கூடாகவே இருப்பவர்கள், மேலே வந்து ஒருவரை ஒருவர் தழுவிக்கொள்பவர்கள். தசையைத் தசையாக வரைய இத்தனை துணிச்சலோடு இறங்கியவர் அவருக்கு முன் குறைவு. மைக்கேலாஞ்சலோ இதிலிருந்து கற்றார் என்று ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரி எழுதிவைத்தார். சிக்மண்ட் ஃபிராய்டு இங்கே வந்து பார்த்து வியந்தவர். 1898இல் ஒரு பயணத்தின்போது இந்த ஓவியரின் பெயர் நாக்கு நுனியில் நின்று வராமல்போக, ஏன் மறந்தோம் என்று ஆராய்ந்து கட்டுரையே எழுதினார்.

கழுத்து வலிக்கும்வரை நின்றோம். முடிந்தால் காலை திறந்தவுடனே போய்விடுங்கள். பதினொரு மணிக்கு மேல் குழுக்கள் வந்துவிடுகின்றன.

வெள்ளி

இன்று முழுக்கத் தரைக்கு அடியில்.

1527இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படைகள் ரோமைச் சூறையாடின. ஏழாம் கிளமென்ட் என்ற திருத்தந்தை கோட்டையில் மாதக்கணக்காக முடங்கிக் கிடந்து, டிசம்பரில் மாறுவேடத்தில் தப்பி இந்தப் பாறைமேல் ஏறிவிட்டார். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி தன் மணத்தை ரத்துசெய்யக் கேட்டு அனுப்பிய தூதர்கள் அவரை இங்கேதான் வந்து பார்த்தார்கள். பாழடைந்த மாளிகையில், திரைச்சீலைகூட இல்லாத அறைகளில் திருத்தந்தை இருக்கிறார் என்று ஊருக்கு எழுதினார்கள். இங்கிலாந்துத் திருச்சபை பிரிந்துபோன கதையின் ஓர் அத்தியாயம் இந்தத் தெருக்களில் நடந்திருக்கிறது.

ஏற முடியாத பாறை எதிரியைத் தடுக்கும். ஆனால் முற்றுகை நீண்டால் தண்ணீருக்கு எங்கே போவது? அதற்காக கிளமென்ட், அந்தோனியோ த சங்கால்லோ என்ற கட்டடக் கலைஞரிடம் கிணறு வெட்டச் சொன்னார். கிளமென்ட் 1534இல் இறந்தார்; கிணறு 1537இல் முடிந்தது. ஆழம் 53 மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 13 மீட்டர். புனித பேட்ரிக் கிணறு என்ற பெயர் மிகவும் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

இறங்கிப் பார்த்தால்தான் அமைப்பின் நுட்பம் பிடிபடுகிறது. நடுவில் வெற்றிடமாகக் கிணற்றுக் குழாய். அதைச் சுற்றி ஒன்றின்மேல் ஒன்று படாமல் சுழன்று இறங்கும் இரண்டு படிப்பாதைகள். இரண்டுக்கும் வாசல்கள் எதிரெதிரே, தனித்தனி. கோவேறு கழுதைகள் வெற்றுக் குடங்களோடு ஒரு பாதையில் இறங்கி, அடியில் உள்ள சிறு பாலத்தைக் கடந்து, நிறைகுடங்களோடு மற்றப் பாதையில் ஏறிவிடும். எதிரெதிரே முட்டிக்கொள்ளவே வழியில்லை. 248 படிகள். கழுதையின் நடைக்கு ஏற்றபடி அகலமாக, உயரம் குறைவாக வெட்டியிருக்கிறார்கள். முழங்கால் வலியோடு வந்த அக்கா எங்கேயும் உட்காரவில்லை. உட்சுவரில் வரிசையாகச் சன்னல்கள், எண்ணிக்கை 70ஐ ஒட்டி வரும். மேலிருந்து விழும் வெளிச்சம் அவற்றின் வழியே படிகளுக்கு வருகிறது. எதிர்ப்பக்கச் சன்னலில் ஒரு குழந்தை கையசைத்தது. அது ஏறுகிறது, நாங்கள் இறங்குகிறோம், பாதைகள் எங்கும் சந்திக்கவில்லை. கிளமென்ட் இதற்காகவே செல்லீனி என்ற சிற்பியிடம் ஒரு பதக்கம் செய்யச் சொன்னார். மோசே பாறையை அடித்துத் தண்ணீர் வரவழைக்கும் காட்சி அதில் இருக்கிறது. "பொருத்தமாத்தான் சொல்லியிருக்காரு" என்றாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே.

மதியம் நிலத்தடிக் குகைகளுக்குக் குழுவாக அழைத்துப்போனார்கள். தனியாக விடுவதில்லை, துவோமோ சதுக்கத்தில் பதிய வேண்டும். இந்தப் பாறை, சுமார் மூன்று லட்சம் ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் சாம்பல் இறுகி உண்டானது. உளிக்கு எளிதில் இடம் கொடுக்கும், வெட்டிய பின் நிற்கும். அதனால், ரோமானியருக்கு முன்பே இங்கே வாழ்ந்த எத்ருஸ்கர் காலத்திலிருந்து வீடு கட்ட நினைத்தவர்கள் எல்லாம் காலுக்குக் கீழே தோண்டியே கல் எடுத்தார்கள். மேலே வீடு, கீழே கல் எடுத்த பள்ளம் கிடங்கு. இப்படி 1,200க்கு மேற்பட்ட குகைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

ஒரு குகையில் ஒலிவ எண்ணெய்ச் செக்கு. வேறொன்றில் சுவரெங்கும் கைப்பிடி அகலத்தில் நூற்றுக்கணக்கான சதுர மாடங்கள், பாறைமுகத்தில் திறக்கும் சிறு சன்னல். புறாக்கூண்டு. புறாக்கள் அந்தச் சன்னல் வழியே பறந்து சமவெளியில் இரை பொறுக்கிக்கொண்டு மாலையில் திரும்பிவிடும். ஊரை எதிரி சூழ்ந்திருந்தாலும் புறாவுக்குத் தடை ஏது? தீனி போடாமலே இறைச்சியும் முட்டையும் கிடைத்திருக்கிறது. இன்றைக்கும் இங்கே உணவகங்களில் புறா முதல் வரிசையில் இருக்கிறது. நாங்கள் சாப்பிட்டது உம்பிரிசெல்லி. முட்டை சேர்க்காமல் மாவையும் தண்ணீரையும் பிசைந்து கையால் உருட்டிய தடித்த நூடுல். பூண்டும் தக்காளியும் காரமுமாக, நம் நாக்குக்கு ஒத்துப்போகிறது.

இதே குகைகளின் மாறாத குளிர்ச்சியில்தான் ஓர்வியேட்டோவின் வெள்ளைத் திராட்சை மது ஊறியது. குழிகளைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தோன்றியது இது: முந்தாநாள் அண்ணாந்து பார்த்த ஊர் அத்தனையும் இந்த வெற்றிடங்களிலிருந்து வெளியே வந்தது. சுவர்க் கல், தண்ணீர், எண்ணெய், மது, இறைச்சி, எல்லாம். துவோமோவை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிப்பவர்கள் பாதி ஊரைப் பார்க்கவில்லை.

சனி

காலையில் போபொலோ சதுக்கத்தில் சந்தை. முழுப் பன்றியை மூலிகை அடைத்துச் சுட்டு, துண்டு போட்டு ரொட்டியில் வைத்துத் தருகிறார்கள். சீமைக் கஷ்கொட்டை, உள்ளூர் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. வாங்கினோம், தின்றோம்.

பிறகு அக்காவின் இடம். சான் தொமேனிக்கோ ஆலயத்தைத் தேடிப்போனால் ஏமாற்றம் தரும் அளவுக்குச் சின்னதாக இருக்கிறது. 1930களில் முசோலினி ஆட்சி, பெண்களுக்கான உடற்கல்விக் கழகம் கட்ட இதன் நீண்ட நடுக்கூடத்தை இடித்துவிட்டது. எஞ்சியது குறுக்குப் பகுதி மட்டும். உள்ளே 1282இல் இறந்த கர்தினால் த ப்ரேயின் கல்லறை, அர்னோல்ஃபோ தி காம்பியோ செதுக்கியது. அதன் உச்சியில் குழந்தையோடு அமர்ந்திருக்கும் மாதா சிலை, உண்மையில் பழைய ரோமானியப் பெண்தெய்வச் சிலை. புதுப்பிக்கும்போதுதான் அது வெளிப்பட்டது. இந்த ஊரில் எதையும் வீணாக்கியதில்லை.

1261 முதல் 1265 வரை இந்தத் துறவு மடத்தில் ஆசிரியராக இருந்தவர் புனித தோமா அக்குவினாஸ். அப்போது நான்காம் உர்பன் என்ற திருத்தந்தை, செருப்புத் தைப்பவரின் மகன், ரோமுக்குப் போகாமல் ஓர்வியேட்டோவில் தங்கியிருந்தார். 1264 ஆகஸ்ட் 11 அன்று அவர் இங்கிருந்து ஓர் ஆணை வெளியிட்டார். கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவை உலகத் திருச்சபை முழுதும் கொண்டாட வேண்டும் என்பது அந்த ஆணை. விழாவுக்கான வழிபாட்டுப் பாடல்களை இயற்றித் தந்தவர் தோமா அக்குவினாஸ் என்பது மரபு. அவற்றில் ஒன்றின் கடைசி இரண்டு பாடல்கண்ணிகள்தான் நற்கருணை ஆசீரின்போது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஒவ்வொரு பங்குக் கோயிலிலும் நாம் முழந்தாளிட்டுப் பாடும் "மாண்புயர் இவ்வருட்சாதனத்தை". அக்கா எங்கள் பங்குப் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்து பாடுகிறவள். அந்தப் பாட்டு எந்த ஊரிலிருந்து கிளம்பியது என்று பார்த்தே ஆக வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆலயத்தில் ஒரு மூதாட்டி மட்டும் பூ மாற்றிக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் சைகையில் கேட்டுக்கொண்டு, முழந்தாளிட்டு இரண்டு கண்ணியையும் தமிழில் பாடினாள். மெட்டு அவருக்குப் புதிது. பாடி முடித்ததும் நான் கைபேசியில் லத்தீன் வரியைக் காட்டினேன். "ஆ, தாந்தும் ஏர்கோ!" என்று அவர் தம் மெட்டில் அதைப் பாடத் தொடங்கிவிட்டார். பிறகு இருவரும் மாறி மாறி, ஒருவருக்கு ஒருவர் சொல்லித்தருவதுபோல. எனக்குக் குரல் வராது, கேட்டுக்கொண்டிருந்தேன்.

மதியம் மறுபடி துவோமோவுக்குப் போய், இடப்பக்கச் சிற்றாலயத்தில் போல்சேனாவிலிருந்து வந்த துணியைத் தரிசித்தோம். 1263இல் போல்சேனாவில், அப்பத்தில் கிறிஸ்து இருக்கிறாரா என்ற ஐயத்தோடு திருப்பலி நிறைவேற்றிய பிராக் நகரத்துக் குரு ஒருவரின் கையில் அப்பம் இரத்தம் சிந்தியது என்றும், இரத்தம் படிந்த பலிபீடத் துணியை உர்பன் இங்கே வரவழைத்தார் என்றும் மரபு சொல்கிறது. 1264 ஆணையில் இந்த அற்புதத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. உர்பன் முன்பு லியேஜ் நகரில் பணியாற்றியவர். அங்கே ஜூலியானா என்ற துறவியின் முயற்சியால் இந்த விழா 1246இலேயே தொடங்கிவிட்டது. இதை அக்காவிடம் சொன்னேன். "இருக்கட்டும். ரெண்டு பக்கமும் ஜெபம்தான" என்றாள். துணியை வைக்க 1338இல் சியனாவின் உகொலீனோ தி வியேரி செய்து முடித்த வெள்ளிப் பேழை, துவோமோ முகப்பின் வடிவில், எனாமல் பூசி மின்னுகிறது. ஜூன் விழாவில் துணியை ஊர்வலமாக எடுத்து வரும்போது முன்னே நூற்றுக்கணக்கானோர் இடைக்கால உடையில் நடந்து போவார்கள்.

ஞாயிறு

பாறையின் அடிவாரத்தைச் சுற்றி ஒரு நடைபாதை இருக்கிறது, சுமார் 5 கிலோமீட்டர். கஷ்கொட்டை மரங்களும் பழைய தோட்டங்களும் ஒரு பக்கம், தலைக்கு மேலே செங்குத்துப் பாறை மறுபக்கம். பாறையில் அங்கங்கே உலோகத் தட்டுகள், வலைகள். சாம்பல் பாறை களிமண் மீது உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் ஊறிக் களிமண் இளகினால் விளிம்பு பிடிமானம் இழந்து பிளந்து விழும். ஊரின் பழைய குழாய்களிலிருந்து கசிந்த நீரும் அதற்குத் துணைபோனது. 1970களின் சரிவுகளுக்குப் பிறகு, 1978இல் இத்தாலி நாடாளுமன்றம் ஓர்வியேட்டோவையும் தோதி என்ற மற்றோர் ஊரையும் காக்கத் தனிச்சட்டமே போட்டது. பாறைக்குள் நீண்ட எஃகுக் கம்பிகளைச் செலுத்தி இறுக்கினார்கள். நாம் பார்க்கும் தட்டுகள் அவற்றின் தலைகள்.

பாதையின் வடக்குப் பக்கம் எத்ருஸ்கர் இடுகாடு, குரோசிஃபிஸ்ஸோ தெல் தூஃபோ. கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இடுகாடு என்ற சொல்லில் மனம் எதிர்பார்ப்பது எதுவும் இங்கே இல்லை. நேர்நேரான தெருக்கள், இருபுறமும் ஒரே அளவில் கல்வீடுகள், ஒவ்வொன்றுக்கும் வாசல். குனிந்து உள்ளே போனால் இரண்டு கல்மேடைகள். பெரிய வீடு, சின்ன வீடு என்ற பேதம் கண்ணில் படவில்லை. வாசல் உத்தரத்தில் வலமிருந்து இடமாகக் குடும்பத்தின் பெயர். அவற்றைப் படித்த அறிஞர்கள் எல்லாப் பெயரும் எத்ருஸ்கப் பெயர் அல்ல என்கிறார்கள். இத்தாலியின் பிற இனத்தார் பெயர்கள் உண்டு. கட்டாசினா என்ற குடும்பத்தின் பெயர் கெல்ட் இனத்தது. எங்கிருந்தோ வந்த குடும்பங்களும் மற்றவர்களோடு ஒரே தெருவில், ஒரே அளவு கல்லறையில்.

இவர்களுடைய ஊரின் பெயர் வெல்ட்ஸ்னா. கி.மு. 264இல் ரோமானியர் அதை அழித்து, மிஞ்சிய மக்களை ஏரிக்கரையில் குடியேற்றினார்கள். அந்தப் புதிய ஊர்தான் போல்சேனா. நேற்று பார்த்த துணி வந்த ஊர். பாறையிலிருந்து விரட்டப்பட்டவர்களின் ஊரிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு கழித்து ஒரு துணி பாறைமேல் ஏறியிருக்கிறது. அதைச் சுற்றித்தான் இங்கே இவ்வளவும் எழுந்தது.

கல்லறைகள் இப்போது காலி. இங்கே கிடைத்தவற்றைப் பார்க்க மறுபடி மேலேறி, துவோமோவுக்கு எதிரே ஃபாயினா அருங்காட்சியகம் போக வேண்டும். ஏதென்ஸின் மாபெரும் குடவோவியர் எக்ஸேகியாஸின் கைவண்ணம் என்று கருதும் மூன்று ஜாடிகள் அங்கே இருக்கின்றன. கடல் கடந்து வாங்கி, செத்தவர்களோடு வைத்திருக்கிறார்கள். மாலை ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இடுகாட்டு வாசலில் பேருந்துக்குக் காத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.